முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அன்புள்ள ஜெயந்த், பழைய கார் விற்கிறவன் அதன் குறைகளை வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது என் கொள்கை. இடது பக்கப் பின்கதவின் கண்ணாடி பாதியில் நின்றுவிடும், கையால் தூக்கிவிட வேண்டும். ஏ.சி. சித்திரை மாதத்தில் மட்டும் வேலை செய்யாது. மூன்றாவதாக ஒரு குறை உண்டு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"அப்பா கடைசியாப் போன வண்டி மாமா, அது வேற யார் கைக்கும் போகக் கூடாது" என்று நீ பெங்களூரிலிருந்து போனில் சொன்னாய். சக்கரத்தடியில் வைக்க உன் அம்மா எலுமிச்சம்பழம்கூட வாங்கிவிட்டாராம். அதற்கு முன் அந்தக் கடைசிப் பயணம் எப்படி நடந்தது என்று நீ தெரிந்துகொள்வது நல்லது.

நான் ஓட்டிய கிலோமீட்டர்களை விடக் கார்களைப் பற்றி நான் சொன்ன அபிப்பிராயங்கள் அதிகம். நாற்பத்தாறு வயது வரை என்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர், அதையும் சாய்த்துப் பிடித்துக் கெஞ்சினால்தான் கிளம்பும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கேபிளில் கார் ரேஸ் வந்தால் எனக்கு இணை கிடையாது. "பிரேக்கை இருபதடி முன்னாலேயே மிதிச்சுட்டான், மடையன்" என்று உலக சாம்பியனைத் திட்டுவேன். திங்கட்கிழமை பேங்கில், கவுன்டரில் கூட்டம் நிற்க, டயர் தேய்மானம் பற்றி உன் அப்பாவுக்கு விளக்கம் நடக்கும். மொனாக்கோ வளைவுகளை அலசிய இதே வாய், கோரிப்பாளையம் வளைவில் டவுன் பஸ் ஹாரன் அடித்தால் உலர்ந்துபோகும்.

என் முக்கியமான சித்தாந்தம் ஒன்று உண்டு. ரேஸ் என்பது வேகம் அல்ல. எஞ்சினை நோகடிக்காமல் கடைசிச் சுற்று வரை கொண்டுபோவது. உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "வெங்கு, நீ ரேஸ் ஓட்டினா மத்தவன்லாம் கப் வாங்கிண்டு, ஆத்துக்குப் போய் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுடுவான்" என்பார். பேங்க் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

தொண்ணூற்றேழில் இந்த எஸ்டீமை வாங்கினேன். புது எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை விரட்டக் கூடாது, உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ரன்னிங் இன் என்பார்கள். கையேடு சொன்ன வேகம் எனக்குப் போதவில்லை. அதைவிடக் குறைத்து, ஐம்பது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கல்யாணமான புதுப்பெண்ணைக்கூட யாரும் இவ்வளவு பத்திரமாக வீட்டுக்கு அழைத்து வந்திருக்க மாட்டார்கள். சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. மூன்று மாதம் அது முதுகில் ஒட்டி ஒட்டி, வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

எங்கள் பேங்க் பியூன் மலைச்சாமி, தன் மகளுக்கு எழுமலையில் காதுகுத்து என்று பத்திரிகை வைத்தார். உன் அப்பா பஸ்ஸில் போவதாக இருந்தார். நான்தான் வற்புறுத்திக் காரில் ஏற்றினேன். நட்பு என்று நினைத்துவிடாதே. ஆயிரத்துக்கு இன்னும் நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் பாக்கி இருந்தது, எழுமலை போய்த் திரும்பினால் நூற்று முப்பது கழியும்.

பந்தலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்த உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்துவிட்டது. மலைச்சாமி, மகளைத் தாய்மாமன் மடியிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் விழுந்த மாலையோடு எங்களுடன் காரில் ஏறினார். உன் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார்.

உசிலம்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் ஊசி போட்டு, நாக்கடியில் மாத்திரை வைத்து, "இங்க இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது. முக்கால் மணி நேரத்துல மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்றார். ஆம்புலன்ஸைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், வாசலில்தான் புதுக் கார் நிற்கிறதே என்றும் சொன்னார்.

நான் மனக்கணக்கில் கெட்டி. நாற்பது கிலோமீட்டர், ஐம்பது வேகம், நாற்பத்தெட்டு நிமிடம். மூன்று நிமிடம்தான் கூட. டாக்டர்கள் எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்வார்கள் என்று அந்த மூன்று நிமிடத்தை அவர் தலையில் கட்டிவிட்டேன். ஊருக்குள் ஐம்பதில் போக முடியாது என்பது எனக்குத் தெரியும். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெயில் கொளுத்திய நேரம், ரோடு காலியாகக் கிடந்தது. முள் ஐம்பதில் நின்றது.

"கொஞ்சம் மிதிங்க சார்" என்றார் மலைச்சாமி.

புது எஞ்சின், சூடானால் நடுவழியில் நின்றுவிடும் என்றேன். அப்படியெல்லாம் நிற்காது. எனக்கே தெரியும்.

பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. பிறகு வைக்கோல் லாரி. அதன் பின்னால் தொங்கிய வைக்கோல் என் கண்ணாடியை உரசிக்கொண்டு போனது, பெயின்ட்டில் கீறல் விழுந்திருக்குமோ என்று கவலைப்பட்டேன். உன் அப்பா வாந்தி எடுத்தார். நல்லவேளை, பிளாஸ்டிக் உறை இருந்தது.

"சார், நான் டிராக்டர் ஓட்டுவேன். எங்கிட்டக் குடுங்க. இம்புட்டு மெதுவாப் போனா தாங்காது சார்."

டிராக்டர் கிளட்ச் வேறு, கார் கிளட்ச் வேறு என்று அவருக்கு விளக்கினேன். விளக்கத்தில் நான் எப்போதும் குறை வைப்பதில்லை. செக்கானூரணி வரை அது நீண்டது.

அப்போது உன் அப்பா கண்ணைத் திறந்து, "இன்னும் எவ்ளோடா வெங்கு?" என்றார்.

நான் மீட்டரைப் பார்த்தேன். தொள்ளாயிரத்துப் பதினொன்று. "எண்பத்தொன்பது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

காளவாசலில் சிக்னல் விழுந்தபோது மலைச்சாமி தன் கழுத்து மாலையைக் கழற்றிக் காலடியில் வைத்தார். அதற்குப் பிறகு மிதிக்கச் சொல்லவில்லை. நானும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டில் கவனம் வேண்டுமல்லவா.

உசிலம்பட்டியில் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று மதுரை டாக்டர் கேட்டார். ஒன்றேகால் மணி நேரம். "வழி பூரா ஆட்டுமந்தை சார், ஒதுங்கவே மாட்டேங்குது" என்றேன். ஒரு ஆடுகூடக் குறுக்கே வரவில்லை. பக்கத்தில் நின்ற மலைச்சாமி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். நான் அவருடைய அதிகாரி. அன்று சாயங்காலம் வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றபோது, "நான் நடந்தே போறேன் சார்" என்றார். அதற்குப் பிறகு எட்டு வருடமாக எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். இந்தக் காரில் அவர் ஏறியதே இல்லை.

மறுநாள் திருச்சியிலிருந்து உன் தாய்மாமாவை அழைத்துவரப் போனேன். போகும்போது, மேலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், மீட்டரில் ஆயிரம் விழுந்தது. திரும்பும்போது முதல்முறையாக முழுக்க மிதித்தேன். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பதினெட்டு நிமிடம். பறந்தது ஜெயந்த், வெண்ணெய் மாதிரி. தத்தனேரி மயானத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். உன் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உன் அம்மா இன்றுவரை, "உங்க கார் இருந்ததாலதான் ஆஸ்பத்திரி வாசல் வரைக்குமாவது போக முடிஞ்சுது" என்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் அனுப்பும் திரட்டுப்பாலை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன்.

ஆக, உன் அப்பா நெஞ்சுவலியில் இறந்தார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியின் ஸ்டியரிங் என் கையில் இருந்தது. கேட்டால் மலைச்சாமி சொல்வார், இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை. இதை உன் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். வண்டியை வாங்குவதும் விடுவதும் உன் விருப்பம்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்தில் எஞ்சினைப் பிரித்ததே இல்லை. ஒரு சொட்டு ஆயில் குடிக்காது, சைலன்ஸரில் புகை வராது. எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கூட்டிவந்து காட்டு. அன்றைக்கு நான் அவசரப்பட்டிருந்தால் இந்த வண்டி இன்று இப்படி இருக்காது.