எதிரொலிப் பெடலைத் தேர்ந்தெடுத்த விதம்

கிதார் ஒலியைத் திருப்பித் திருப்பிக் கேட்கவைக்கும் எதிரொலிப் பெடல் வாங்குகிறவர்கள் பொதுவாகச் செய்யும் தவறு, கடையிலேயே வாசித்துப் பார்த்து முடிவெடுப்பது. கடையில் எல்லாப் பெடலும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து, நாம் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, நம் கிதாரில் மாட்டிக் கேட்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். அந்த விஷயத்தில் என் மேல் குறை சொல்ல முடியாது.

சொராய்தா அக்கா, குடியிருப்புச் சங்கத் தலைவி என்ற முறையில் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தொடங்கிவிட்டது. திடலில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி என் ஜன்னலைப் பார்த்து இருப்பதால் நீங்கள் பேசுவதெல்லாம் இங்கே கேட்கிறது. இப்போது தண்ணீர்த் தொட்டி விவகாரம் ஓடுகிறது. அதற்கு அடுத்தது எலியாசரின் மனு. அவன் மறுபடி நம் நிறுத்தத்தில் மூன்று சக்கர மோட்டோ வாடகை வண்டி ஓட்டலாமா என்று கை தூக்கச் சொல்வீர்கள். இன்றும் மறுத்தால் அவனுடைய பதினான்காம் எண் ஓட்டுநர் சட்டை வேறொருவனுக்குப் போய்விடும். வண்டியை விற்றுவிட்டு, இந்தப் பதினொரு மாதமாகச் செய்வதுபோல் மொத்தச் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியே காலம் தள்ள வேண்டியதுதான். அவனுக்கு முதுகு சரியில்லை. அதனால் கை தூக்குவதற்கு முன் இந்தத் தாள் உங்களிடம் வந்துவிட வேண்டும். நேரம் இருக்கிறது. நம் மேட்டில் தண்ணீர்ப் பேச்சு சீக்கிரம் முடிந்ததே இல்லை.

முதலில் பெடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது புரியாது.

நான் கிதார் வாசிக்கும் கும்பியா நடன இசைக் குழுவை உங்களுக்குத் தெரியும். குழு என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. எங்களுக்கு ரசிகர்கள் நான்கு பேர், அதில் இருவர் தாளக்காரனின் அத்தைகள். ஆனாலும் கும்பியாவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பாடகன் வராவிட்டால்கூடச் சமாளிக்கலாம். கிதாருக்கு எதிரொலி இல்லாவிட்டால் ஜனங்கள் ஆட மாட்டார்கள், நின்று பீர் மட்டும் குடிப்பார்கள். போன ஜூலையில், இருபத்தெட்டாம் தேதிச் சுதந்திர தினத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் டிஜிட்டல் பெடல் பழுதானது. மின்சாதனக் கடைகள் இருக்கும் பருரோ தெருவுக்குப் போய், பழுது பார்க்கும் அப்தியாஸ் மாஸ்டரிடம் அனலாக் பெடல் வேண்டும் என்றேன். ஏன் அனலாக் என்று எனக்கே தெளிவாகத் தெரியாது. நல்ல கிதார்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் சொன்னேன்.

"நீ மேட்டுக்காரன்தானே?" என்றார் மாஸ்டர். "அப்ப உனக்குச் சுலபமாப் புரியும். டிஜிட்டல்னா தண்ணி லாரி. ஏத்தினது அப்படியே வந்து இறங்கும். அனலாக்னா உங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை கூட்டு வேலை செய்வீங்களே, படியில வரிசையா நின்னு வாளியக் கை மாத்தி மாத்தி மேல அனுப்புவீங்களே, அது. மேல போய்ச் சேர்றப்ப பாதி சிந்தியிருக்கும். சிந்துறதுலதான்டா பாட்டே இருக்கு."

"சிந்துற தண்ணிக்குத்தான் விலை அதிகமா, மாஸ்டர்?"

"படிச்சவன் வாயப் பாரு. இந்தா, ரெண்டு தர்றேன். ஒண்ணு வெளிநாட்டுது, ஒண்ணு நான் செஞ்சது. வீட்ல வச்சு வாசிச்சுப் பாத்துட்டு நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள ஒண்ணைத் திருப்பிக் கொண்டா. ராத்திரி பஸ்ல ஊருக்குக் கிளம்புறேன்."

வரும் வழியில் மூன்று மருந்துக் கடைகள் இருந்தன. என் மனைவி நில்டாவின் மூச்சிழுப்பு மருந்து முந்தின நாளே தீர்ந்திருந்தது. வாங்கி வரச் சொல்லியிருந்தாள். என் இரண்டு கையிலும் கைக்கொன்றாகப் பெடல் இருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவன் என்பதால் வெறுமனே காதால் முடிவெடுக்க மனம் வரவில்லை. தாளில் கட்டம் போட்டேன். இரைச்சல், இதம், திருப்பங்களின் எண்ணிக்கை, குமிழின் உறுதி, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். காதுகளை மூடும் தலையணி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பலகைச் சுவர் வீடு, கீழ் வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே ஒரு முறை உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

என் கிதாரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள் மிகப் பழையது. அதனுள் இருந்த மெழுகு உருகிப் போயிருந்ததால் கம்பியின் அதிர்வை மட்டுமல்ல, பக்கத்தில் பேசுகிற குரலையும் பிடிக்கும். மாஸ்டர் சரி செய்து தருவதாகச் சொன்னார். நில்டாதான் வேண்டாம் என்றாள். காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னைக் கூப்பிட அவளுக்கு இருந்த ஒரே வழி அது. குனிந்து கிதாரிடம் பேசுவாள். "கலைஞரே, சூப்பு ஆறுது," என்பாள். என் காதுக்குள் கேட்கும். எங்கள் திருமணத்தில் பெரும்பாலான பேச்சு அப்படித்தான் நடந்தது. அதை நான் அழகானது என்று நினைத்திருந்தேன்.

அன்று மூன்று பத்துக்கு வந்து குனிந்தாள். அந்த வாரம் முழுக்கக் குளிர்கால மூடுபனி, சுவரெல்லாம் ஈரம். தையல் வேலைக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தாள்.

"ரோமுலோ, இழுப்பு ஜாஸ்தியாவுது. எலியாசரக் கூப்பிடு. கீழ டாக்டர்கிட்ட போயிடலாம்."

"இதோ," என்றேன்.

போனைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் வெளிநாட்டுப் பெடலின் மூன்று குமிழ்களையும் சரியான இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதற்கு மதிப்பெண் போட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று போனைத் தொடைமேல் வைத்தேன். ஒரு நிமிட வேலை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தாள்.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன். இதோ வந்துட்டேன்னான்."

அது பொய் இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லப்பட்ட உண்மை. அடுத்த நிமிடம் அது நடந்திருக்கும்.

"எலியாசரோட இதோவா?" என்றாள். "அதுக்குள்ள உன் கச்சேரியே முடிஞ்சிரும்." சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

நான் கவனித்தது அந்த இருமலை. அது வெளிநாட்டுப் பெடலில் ஆறு முறை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் மூச்சிழுப்பின் கீச்சு ஒலி கூராக, குறையாமல் வந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மனிதக் குரலைவிட நல்ல சோதனை எதுவும் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. கம்பியை மாற்றி மாற்றி மீட்டுவதில் ஒரே ஒலி இரண்டு முறை வராது. வயரைப் பிடுங்கி மாஸ்டரின் பெடலில் மாட்டினேன்.

"முன்ன சொன்ன மாதிரி இன்னொரு தடவை சொல்லு," என்றேன்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மூச்சு விட முடியல, ரோமுலோ."

முதல் திருப்பத்தில் இழுப்பு கேட்டது. இரண்டாவதில் பாதி சிந்திவிட்டது. மூன்றாவதில் இழுப்பே இல்லை. வெறும் குரல், இதமான குரல், திருமணத்துக்கு முன்பு போனில் பேசுவாளே, அந்தக் குரல். நான்காவது, ஐந்தாவது, இன்னும் இதமாக. மாஸ்டரின் பெடலுக்குள் நில்டா மிகவும் நலமாக இருந்தாள். ஏழு திருப்பம் முடியும்வரை கேட்டேன். உறுதி செய்துகொள்ள மறுபடி சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள், இந்தத் தடவை என் பெயரை மட்டும். இதம் என்ற கட்டத்தில் ஒன்பது போட்டேன். பத்து போடாததற்குக் காரணம், குமிழ் கொஞ்சம் ஆடியது.

அவள் அதன்பிறகு கம்பிகளின் மேல் கையை வைத்தாள். ஆறு கம்பியும் ஒன்றாக ஒலித்தன. அப்போதுதான் தலையணியைக் கழற்றி அவள் முகத்தைப் பார்த்தேன்.

நான் எலியாசரைக் கூப்பிட்டது மூன்று ஐம்பத்திரண்டுக்கு. முதல் மணியிலேயே எடுத்தான். ஒன்பது நிமிடத்தில் வந்தான். இந்த மேட்டில் யாரும் அப்படி வந்ததில்லை. எண்பது படியையும் ஏறி வந்து நில்டாவை முதுகில் சுமந்துகொண்டு அவன்தான் இறங்கினான். நான் பின்னால் போனேன். என் தோளில் பை இருந்தது. பைக்குள் வெளிநாட்டுப் பெடல். ஐந்து மணிக்குள் திருப்ப வேண்டும் அல்லவா, போகிற வழிதானே என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வளைவு தாண்டுமுன் அவள் இறந்துவிட்டாள்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று நில்டாவின் அண்ணன் கேட்டபோது, மூன்று பத்துக்கே சொல்லிவிட்டேன், இதோ வர்றேன்னான், என்றேன். நில்டாவிடம் ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருந்தேன். இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

யாரும் சந்தேகப்படவில்லை. நாம் எல்லோருமே இதோ என்று சொல்கிறவர்கள்தான். அது பத்து நிமிடமாகவும் இருக்கலாம், நாளையாகவும் இருக்கலாம். எலியாசர் ரொம்பவே சொல்கிறவன். அவன் போன் பழசு, பழைய அழைப்புகள் அதில் தங்காது. என் போனில் எல்லாம் இருந்தது. மனைவியைப் பறிகொடுத்தவனிடம் போனைக் காட்டு என்று யார் கேட்பார்கள்? கூட்டம் போட்டீர்கள். அவன் சட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ எனக்குச் சூடாக எமோலியென்தே மூலிகைக் கஷாயம் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன்.

அவன் ஒரு மாதம் கழித்து என் வீட்டுக்கு வந்தான். கோபமாக வந்திருக்கிறான் என்று நினைத்தேன். வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். நீ முன்னாடியே கூப்பிட்ட மாதிரி எனக்கு ஞாபகமே இல்ல. ஆனா இன்ஜின் சத்தத்துல எடுத்து, யாருன்னு தெரியாமலே இதோன்னு சொல்லியிருப்பேன். எல்லார்ட்டயும் அப்படித்தான சொல்றேன். நம்ம நில்டா. மன்னிச்சிரு."

மன்னித்தேன். பெருந்தன்மையோடு என்றுகூடச் சொல்லலாம். அவன் அழுதான். அவனுக்கு நாற்காலி போட்டு, காபி போட்டுக் கொடுத்தேன். போகும்போது, மேசையில் இருந்த பெடலைப் பார்த்து, "இது நல்லா இருக்கா?" என்று கேட்டான். இதம் நன்றாக இருக்கிறது, குமிழ்தான் கொஞ்சம் ஆடுகிறது என்றேன்.

இதுவரை எழுதியதில் என்னைக் கொடியவனாகக் காட்ட முயலவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை. தீமை செய்ய ஊக்கம் வேண்டும், எனக்கு அது கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம்தான் கேட்டேன்.

ஒலிபெருக்கியில் இப்போது உங்கள் குரல்.

"தொட்டி மூடிய யாரு எடுத்தீங்களோ அவங்களே கொண்டாந்து வச்சிருங்க. பேரச் சொல்ல மாட்டேன். ஹசிந்தோ அண்ணே, நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க, நான் உங்களச் சொல்லல."

எல்லோரும் சிரிக்கிறார்கள். தண்ணீர் விவகாரம் இன்று சீக்கிரமாகவே முடிந்துவிட்டது.

"அடுத்தது எலியாசர் மனு. எலியாசர், முன்னாடி வா. நிமிந்து நில்லு, உன்ன யாரும் கடிக்கப் போறதில்ல. இது பத்தி யாராவது பேசணும்னா பேசுங்க. ரோமுலோ வந்திருக்கானா? தம்பி ரோமுலோ, நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஜன்னலைத் திறந்து "இதோ வர்றேன்" என்று கத்தினேன். கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே, சுருக்கமாக: எலியாசர் தாமதிக்கவில்லை. மூன்று ஐம்பத்திரண்டு வரை அவனை நான் கூப்பிடவே இல்லை. நாற்பத்திரண்டு நிமிடம் என் மனைவி மூச்சுக்குத் திணறுவதைத் தலையணியில் கேட்டுக்கொண்டு, அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நில்டா இறந்தது என்னால். எலியாசரின் சட்டையை அவனிடம் கொடுங்கள்.

கை தூக்கச் சொல்லிவிட்டீர்கள். எண்ணத் தொடங்கியிருக்கிறீர்கள். இன்று நல்ல கூட்டம், எண்ணி முடிக்க நேரமாகும். இந்தத் தாளில் அடித்தலும் திருத்தலும் அதிகமாக இருக்கிறது, இப்படியே கொண்டுவந்து கொடுத்தால் மரியாதையாக இருக்காது. சுத்தமாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இதோ, இறங்கி வருகிறேன்.