சிலிண்டருக்குச் சொன்ன ஓடிபி

வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூர் போகும் ரயிலில், எதிரே இருந்த அம்மாள் தன் கணவரிடம், "என் உயிர் என்ன கேஸ் சிலிண்டரா?" என்று கேட்டதும், கையிலிருந்த கனமான நூலை மூடிவிட்டேன். பல வாரங்களாக அதே பக்கம்தான், நஷ்டமில்லை.

"ஓடிபி சொல்லுன்னீங்க. சிலிண்டர் வந்துடுச்சுன்னு நினைச்சு, தாளிச்சுக்கிட்டே சொன்னேன். அதுதான் என் பேர்ல இன்ஷூரன்ஸ் எடுக்க நான் குடுத்த சம்மதமாமே!"

"உன் நல்லதுக்குத்தானே, சுமதி?"

"நான் போனப்புறம் வர்ற பணம் எப்படிங்க என் நல்லதுக்கு?"

கணவர் திருவான்மியூரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் ஜன்னல் வழியே பார்த்தார்.

"ஃபாரத்துல எனக்கு சுகர் இருக்கான்னு கேட்டதுக்கு என்ன போட்டீங்க?"

"இல்லைன்னு. ஏஜென்ட்தான் அப்படிப் போடச் சொன்னான்."

"அவன்கூடவா குடித்தனம் பண்றீங்க? நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பொய் சொல்லிட்டாங்கன்னு பிள்ளைங்களுக்கு ஒரு பைசா தர மாட்டாங்க."

"இப்ப என்ன பண்ணணும்ங்கிற?"

"அந்தப் பாலிசியை வேண்டாம்னு திருப்பி அனுப்புங்க, அதுக்கு இன்னும் நாள் இருக்கு. அப்புறம் என்கிட்ட கேளுங்க. சுகரையும் எழுதுவேன். பிடிச்சிருந்தா நானே கையெழுத்துப் போடுவேன்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் நாகரிகமாக வேறெங்கோ பார்த்தோம்.

"சரிம்மா. உன் பேர்ல ஒரு பாலிசி எடுக்கலாமா?"

பெண் பார்க்கப் போன அன்றுகூட மனிதர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். எனக்கோ அந்த அம்மாளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

மந்தைவெளி வந்தது. அம்மாள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"யோசிச்சு சொல்றேன்."