வெள்ளை முடியும் கறுப்பு முடியும்

— சீமாத்தக் கீழ வெய்யுங்க மாப்ள. கூட்டுனா முடி பறக்கும்னு எத்தன தடவ சொல்றது? பறந்து மறுக்காவும் பாப்பா தூளி மேலதான் போயி உக்காரும்.

— செரிங்க அத்தை.

— இந்த டியூப் துண்டப் புடிங்க. பழைய சைக்கிள் டியூப்புதான். கம்பளி மேல ஒரே பக்கமா இழுங்க, முடி அப்படியே சுருண்டு வந்துரும். அங்கயும் இங்கயும் தேய்க்காதீங்க.

— இப்படிங்களா?

— ஆமா. பாருங்க, எத்தன வெள்ள முடின்னு. உங்க வெள்ளையன் உட்டுட்டுப் போனத வெச்சு இன்னொரு நாயே பண்ணலாமாட்ட இருக்குது.

— அது சுகுணா சீல மேலதானுங்க படுக்கும். அவ செத்ததுக்கப்பறம் அந்தச் சீலைய உட்டு எந்திரிக்கவே இல்ல.

— தெரியும். அதான் நானே ஜீப்பு ஓட்டற சுப்பிரமணிகிட்டச் சொல்லி வெள்ளக்கடை ஊருக்கு ஓட்டி உட்டேன். எம் மேல கோவம்னா இருந்துட்டுப் போகட்டும். பெத்த பொண்ணப் பிரசவத்துல குடுத்தாச்சு. அவ பெத்ததையாவது காப்பாத்தோணும்.

— கோவமெல்லாம் இல்லீங்க.

— பாப்பாவ வெச்சிருக்கற ஆஸ்பத்திரியில நர்சம்மா சொன்னது உங்க காதுலயும் உளுந்துச்சல்ல? கொற மாசத்துல பொறந்தது, நெஞ்சு இன்னும் வெளையல, ஊட்டுல நாய் முடி, தூசி எதுவும் ஆவவே ஆவாதுன்னு. நீள முடி ஒண்ணு கால் வெரல்ல சுத்திக்கிட்டாக்கூட வெரலு செத்துப் போயிருமாம். அன்னிக்கிருந்து எனக்குத் தூக்கமில்ல.

— கொஞ்ச நேரம் உக்காருங்க அத்தை. வேல இருக்கட்டுங்க.

— உக்காந்தா அவ நெனப்புதான் வருது மாப்ள. கை ஓடிட்டே இருந்தாத்தான் மூச்சு வருது. அவ காரியம் முடிஞ்சதுல இருந்து இன்னிக்குத்தான் ஒரு டம்ளர் கஞ்சி தொண்டையில எறங்குச்சு.

— பாத்தனுங்க. நீங்க குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்தனுங்க.

— கஞ்சி குடிக்கறதுல என்ன அதிசயம். அந்தத் தலகாணிய எடுங்க.

— அது வேண்டாங்க.

— ஏன்?

— அதுல அவ முடி ஒட்டீட்டு இருக்குதுங்க. அதாவது இருக்கட்டுங்களே. சோப்புல ஒட்டியிருந்ததையும் காணோம்.

— சோப்பையே தூக்கிப் போட்டுட்டேன்.

— அத நான் தொடாம வெச்சிருந்தனுங்க.

— மாப்ள, நான் பெத்தவ. எனக்கு மட்டும் கை வருதுன்னு நெனைக்கறீங்களா? காலையில அவ சீப்பக் கழுவறதுக்குள்ள என் உசுரு போயிப் போயி வந்துச்சு. கொண்டாங்க இப்படி.

— இந்தாங்க.

— எவ்வளவு நீளம். பள்ளிக்கூடம் போறப்போ இவளுக்குச் சடை போட்டு முடிக்கறதுக்குள்ள எங் கை உட்டுப் போயிரும். கறுப்பு முடிய இந்தக் கவருல போடுங்க. வெள்ள முடிய மொறத்துல போடுங்க. கலந்தராதீங்க, நாய் முடி இருந்தா முடிக்காரர் வாங்க மாட்டாரு.

— ஏனுங்க, அவ முடியவா விக்கப் போறீங்க?

— நானா விக்கறேன்? அவளே சேத்து வெச்சது. மாசமா இருந்தப்ப சீப்புல வர்றதையெல்லாம் சுருட்டிச் சுருட்டி அந்தச் செவுத்துப் பொந்துல சொருகி வெச்சிருக்கறா, பாருங்க. முடியக் குடுத்து முடிக்காரர்கிட்ட ஒரு சில்வர் பாலாடை வாங்கோணும்மா, பாப்பாவுக்கு மொதப் பாத்திரம் எந் தலையில வெளைஞ்சதா இருக்கோணும்னு சொல்லிச் சிரிச்சா.

— எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே.

— எல்லாத்தையுமா புருசங்கிட்டச் சொல்லுவாங்க? இன்னிக்கு முடிக்காரர் நம்ம கொட்டச்சேட்டுக்கு வர்ற நாளு. வண்டிச் சத்தம் கேட்டா நிறுத்தி வைங்க.

— இன்னிக்கு வேண்டாங்க அத்தை. இருக்கட்டுங்க.

— வேண்டாம்னா பாப்பா எதுல பால் குடிக்கும்? உங்க டீ டம்ளர்லயா? சிக்னல் கெடைக்கும்னு காலையில ரோட்டு வளைவுக்குப் போயி பேசிட்டு வந்தீங்களே, ஆஸ்பத்திரியில என்னதான் சொன்னாங்க?

— வரச் சொன்னாங்க.

— அதத்தான் வந்ததும் சொன்னீங்க. நான் அப்பவே கெளம்பலாம்னேன். கட்டலுக்கடியில பாக்கலீங்களே, சன்னல் கம்பியில இருக்குதுங்களேன்னு நீங்கதான் ஒண்ணொண்ணாக் காட்டிட்டே இருக்கறீங்க.

— பீரோவுக்குப் பின்னால இன்னுங் கொஞ்சம் இருக்குமுங்க.

— இல்ல. கைய உட்டுத் தடவிப் பாத்துட்டேன். ஈரத்துணி போட்டுத் தொடச்சுமாச்சு. ஊடு முழுக்க ஒத்த முடி இல்ல. இந்தாங்க, பாப்பாவப் போத்தித் தூக்கறதுக்குத் துண்டு. மேகம் எறங்கறதுக்குள்ள மலையேறி வந்தரோணும். சுப்பிரமணிய ஜீப்ப எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

— அவங்கிட்டக் காலையிலயே சொல்லிட்டனுங்க. வந்துட்டு இருக்கறான். வெள்ளையனையும் ஏத்திட்டு வர்றான்.

— பாப்பா வர்ற ஊட்டுக்கு நாய எதுக்கு ஏத்திட்டு வர்றான்? விடியக்காலம் புடிச்சு நான் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குனது எதுக்காம்? உங்களுக்கென்ன புத்தி கித்தி...

— அந்தக் கவர மறுக்காவும் பொந்துலயே வெச்சுருங்க அத்தை. நீங்க கஞ்சி குடிக்கட்டும்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னத முழுசாச் சொல்லாம இருந்தனுங்க. இனி இந்த ஊட்டுல முடி கெடந்தா ஆருக்கும் ஒண்ணும் ஆவாதுங்க.