மாவு கரைத்த கை

கிளமெண்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரு பெண்களும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்; அண்ணியும் நாத்தனாரும் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“இட்லி மாவைப் புளிக்க வைக்கிற கிருமியாம் அண்ணி, அண்ணன் ரத்தத்துல இருக்குறது,” என்றாள் இளையவள்.

“அதைத்தானே தினம் சாப்பிடுறோம். நமக்கு ஒண்ணும் ஆகலையே.”

“அவருக்குக் கேன்சர் மருந்துல எதிர்ப்புச் சக்தி போயிடுச்சுலா. பெரிய மருந்துக்கே அது அடங்கலை. இன்னிக்குப் பழைய பென்சிலின் போட்டிருக்காங்க. நாளைக்குள்ள காய்ச்சல் இறங்கணுமாம்.”

அண்ணி தன் வலது கையைப் பார்த்தாள்.

“போன வாரம் வீட்டுல, அவருக்கு மருந்து ஏத்துற நெஞ்சு டியூப்ல பிளாஸ்டர் கழண்டுடுச்சு. நான் மாவு கரைச்சுக்கிட்டிருந்தேன். அப்படியே வந்து ஒட்டிவிட்டேன்.”

“கையைக் கழுவிட்டுத்தானே?”

“சேலையில துடைச்சுட்டு.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.”