ரோட்டில் நடந்த விபத்து

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கேயும் குடிக்கிற மாதிரி காப்பி கிடைக்காது. அதனால் நான் வீட்டிலிருந்தே ஃபிளாஸ்க்கில் கொண்டுபோவேன். அன்று மதியம் அதை டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் கிஷோர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இன்ஜினியரிங் படித்தவன். சட்டையெல்லாம் ரத்தம்.

"சார், முனியப்பன் கை பிரஸ்ல மாட்டிக்கிச்சு" என்றான், ஏதோ நான்தான் பிடித்து உள்ளே தள்ளியதுபோல.

நிருபமா மேடம், நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். போலீஸில் இது அபூர்வம். அதனால் நானும் மறைக்காமல் சொல்கிறேன். பிரஸ் மெஷினில் கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக்கொடுக்கும் அந்த ஃபேக்டரியில் நான் ஹெச்.ஆர். மேனேஜர். யாருக்காவது அடிபட்டால் அரசாங்கத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்ல வேண்டியவன் நான்தான். பாலிசி எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தோம். வேலையில் கை போனாலும் உயிர் போனாலும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ்காரன். எங்கள் பையிலிருந்து ஒன்றும் போகாது.

ஆனால் தகவல் சொன்னால் மெஷினைப் பார்க்க ஆள் வரும். உள்ளே கை போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சார் ஒன்று அதில் இருக்க வேண்டும். சும்மா சும்மா மெஷின் நிற்கிறது, உற்பத்தி கெடுகிறது என்று அதைக் கழற்றச் சொன்னவன் நான். கவனமாக வேலை செய்கிறவனுக்கு அது எதற்கு?

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றேன். மெஷின் துடைக்கிற துணியை முனியப்பன் கையில் சுற்றி, என் காரின் பின்சீட்டில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அவனைப் படுக்கவைத்தோம். கிஷோர் பக்கத்தில் உட்கார்ந்து துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. அங்கே டாக்டர் முதலில் எப்படி ஆச்சு என்றுதான் கேட்பார். அதற்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு உள்ளே போவதுதான் முறை. ரோட்டைக் கடக்கும்போது ஏதோ வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. ஐந்தாவது படிக்கிற பிள்ளைகூட ஒப்பிக்கும்.

முனியப்பனுக்கு வரவில்லை.

"பிரஸ்ல போச்சு சார்" என்றான். "அப்படி சொன்னாத்தான் சார் வீட்டுக்கு ஏதாச்சும் வரும். கையே போயிடுச்சு. இனிமே சோத்துக்கு என்ன பண்ணுவேன்?"

அந்த நிலைமையிலும் கணக்குப் போடுகிறான் பாருங்கள். இந்த ஜனங்களுக்கு ஓவர்டைம் சீட்டைப் படிக்கத் தெரியாது; இன்சூரன்ஸ் மட்டும் நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வந்தது. நான் நிறுத்தவில்லை. ஜாலஹள்ளி கிராஸ் வரை போய்த் திரும்பிவந்தேன். வாசலில் மறுபடி கேட்டேன். பிரஸ் என்றான். மறுபடி திரும்பினேன்.

கிஷோர் அழ ஆரம்பித்தான். "சார், ரத்தம் நிக்கவே இல்ல சார். உங்க கால்ல விழறேன், நிறுத்துங்க" என்றான். படித்தவன் இப்படியா பேசுவது? போனை எடுத்தான். வாங்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன். கதவுகள் பூட்டியிருந்தன. என் பிள்ளைகள் ஏறுகிற கார். பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடிதான் எப்போதும் வைத்திருப்பேன். நான் கத்தவில்லை, கையோங்கவில்லை. அதை கிஷோரே உங்களிடம் சொல்லியிருப்பான்.

சாயங்காலம் ஆஸ்டின் டவுனிலிருந்து முனியப்பன் மனைவி பாஞ்சாலி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ரோட்டில் வண்டி இடித்துவிட்டது என்று பக்குவமாகச் சொன்னேன். அவள் அழாமல் என்னையே பார்த்தாள்.

"ட்யூட்டி நேரத்துல அவர் எதுக்கு சார் ரோட்டுக்கு வந்தாரு?"

டீ குடிக்கப் போயிருப்பான் என்றேன்.

"அவர் டீயே குடிக்க மாட்டாரே" என்றாள். "துணியில மெஷின் எண்ணெ வாசம் அடிக்குதே சார்."

துக்கத்தில் இருக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? ஆறுதல் சொல்ல வந்த மனிதனிடம் குறுக்கு விசாரணை. அதற்குள் கிஷோர் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் உளறிவிட்டான். இல்லையென்றால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் முனியப்பனைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சட்டத்துக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் ஒரு விஷயம் கிஷோர் சொல்லியிருக்க மாட்டான். கடைசியில் முனியப்பன் ஒத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில்தான். கண்ணைத் திறக்காமல், "சரி சார். ரோட்ல இடிச்சிடுச்சு. உள்ள போங்க சார்" என்றான்.

குரல் சரியாக எழும்பவில்லை. வாய்க்குள்ளேயே முனகினான். டாக்டர் நம்ப வேண்டாமா? இன்னொரு தடவை தெளிவாகச் சொல்லு என்றேன். பதில் இல்லை. அவர்களுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான், வாயை மூடிக்கொள்வார்கள். சரி, கோபம் தணியட்டும் என்று இன்னொரு சுற்று போனேன்.