சிவப்பைக் கொஞ்சம் குறை

மாலை ஆறரை மணி. ஆயுத பூஜை நாள். பீன்யா தொழிற்பேட்டையில் கம்பெனிகள் எல்லாம் பூஜையை முடித்துக் கதவைச் சாத்திவிட்டன. ஆட்கள் பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போயாயிற்று. வாழைக்கன்று கட்டிய லாரிகள் மட்டும் ஓரமாக நிற்கும் ஒரு நீளச் சாலை... அதன் ஒரு முனையில் என் கணவர் கிரண் பைக்கில் உட்கார்ந்தபடி, அன்று எடுத்த படங்களைப் போனிலிருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

நான் மர்ஃபி டவுனில், வீட்டில், லேப்டாப் முன்னால். எங்கள் வேலை முறை அது. அவர் எடுத்துக் கிளவுடில் ஏற்றுவார். ஏற ஏற எனக்கு இங்கே வரும். இங்கே நான் ஒரு படத்தைத் திருத்தினால் அங்கே அவர் போனிலும் அது திருந்தியிருக்கும். அவர் அங்கே நட்சத்திரம் போட்டால் என் திரையில் நட்சத்திரம் முளைக்கும். பேசவே வேண்டியதில்லை. ஆனாலும் கூப்பிடுவார்.

"மித்ரா, பூசணிக்கா படம் வந்துச்சா?"

"வந்திருச்சுப்பா."

"குங்குமம் ரொம்ப அடிக்குது பாரு. செவப்பைக் கொஞ்சம் கொறை."

குறைத்தேன். "போதுமா?"

"கரெக்ட். ரூபினிய சாப்பிடச் சொல்லு. வந்துடறேன்."

அவ்வளவுதான்.

அந்தச் சாலையின் மறுமுனையில் யாரோ திருஷ்டி கழித்து உடைத்துப் போட்ட பூசணிக்காய் கிடந்தது. நசுங்கிய சதை, விதை, குங்குமத் தண்ணீர்... பைக் சறுக்கியதை ஒரு வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். எது குங்குமம், எது ரத்தம் என்று டார்ச் அடித்தும் தெரியவில்லை என்று கன்னடத்தில் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போன வாரம் எங்கள் கட்டடத்தில் கரண்ட் போய், எல்லோரும் மொட்டை மாடியில் கூடியபோது ஆளுக்கொரு பேய்க் கதை சொன்னார்கள். என் முறை வந்தது. இதைத்தான் சொன்னேன், தோழியின் நாத்தனாருக்கு நடந்ததாக. கீழ்வீட்டு டோரீன் ஆன்ட்டியின் மடியில் ரூபினி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பில்டப் வேணாம்க்கா, பேய் எப்ப வரும்?" என்றான் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அருண்குமார்.

"சும்மா இரு மென். குழந்தை தூங்குது," என்றார் டோரீன் ஆன்ட்டி.

பேய் எப்போது வந்தது என்று எனக்கும் சரியாகத் தெரியாது.

கிரணுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. கண் திறக்கிற வேலை. இறந்தவருக்கு நல்ல படம் இல்லையென்றால், கிடத்தியிருக்கும்போது எடுத்த படத்தைத்தான் கொண்டுவருவார்கள். அதில் கண்ணைத் திறந்து, பின்னால் நீலம் கொடுத்து, சட்டம் போட்டுத் தர வேண்டும். அதே ஆளின் வேறு படத்திலிருந்து கண் எடுப்பார். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "அண்ணன் கண்ணை எடுத்து வைங்க சார், ஒரே ஜாடைதான்" என்று கெஞ்சுவார்கள். மாட்டார்.

"இருக்கறவங்க கண்ண போனவங்களுக்கு வெக்கக் கூடாது மித்ரா. அப்புறம் யார் கண்ணால யார் பாக்கறாங்கன்னே தெரியாது."

நான் சிரிப்பேன்.

அவருடைய படத்திறப்புக்கு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். சபையில் வைக்க ஒரு படம் வேண்டும். மூன்று இடத்தில் படங்களைச் சேமித்து வைத்த மனிதர்... அத்தனையிலும் அவர் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவர்தானே. அபூர்வமாக யாராவது அவரை எடுத்த படங்களில், கிளிக் என்றதும் கண்ணை மூடியிருந்தார். எல்லாவற்றிலும். எங்கள் ரிஜிஸ்டர் கல்யாணப் படங்கள் ஒரு மெமரி கார்டோடு அழிந்தவை. அதற்குப் பிறகுதான் அவருக்கு இந்தக் கிளவுட் பைத்தியமே பிடித்தது. ஆதார் அட்டையில் இருந்தது ஒரு கரிய நிழல்.

மிச்சம், சிரித்தபடி கண்மூடிய ஒரே ஒரு நல்ல படம்.

"அப்பா ஏம்மா தூங்கிட்டே சிரிக்கிறாரு?" என்றாள் ரூபினி. அவளுக்கு ஆறு வயது. "எழுப்பு."

அவள் கண் அப்படியே அவர் கண். பார்த்தவர்கள் எல்லாம் சொல்வார்கள்.

அவள் பிறந்தநாள் படத்திலிருந்து கண்களை எடுத்தேன். இமையைச் சற்று இறக்கி, ஓரத்தில் சுருக்கம் வைத்து, நிழல் சேர்த்தேன்... கிரண் என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சமையலறையில் வைத்திருந்த டேப்லெட்டைத் திறந்தால் அதிலும் பார்த்தார். ஒத்திசைவு முடிந்தது என்று சின்னப் பச்சைக் குறி.

காலையில் பிரிண்ட் போட எடுத்தபோது கண் மூடியிருந்தது. லேப்டாப்பிலும் மூடல். டேப்லெட்டிலும் மூடல்.

யார் எப்போது திருத்தினார்கள் என்று அந்தச் சாஃப்ட்வேர் காட்டும். முதலில் நான் செய்தது. அதற்கு மேல் இன்னொரு வரி. 'அசல் படத்துக்குத் திரும்பியது. கிரண் போன்.'

கிரண் போன் என் பீரோவில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில், உடைந்து, உள்ளே மண்ணோடு. சார்ஜ் ஏறாது.

கொழுந்தன் முகேஷ் ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். வந்து பார்த்தான். "அண்ணி, இது சிங்க் பிராப்ளம். அண்ணன் எப்பவோ அழுத்தினது சர்வர்ல மாட்டி இப்ப இறங்குது." கணக்கிலிருந்து அந்தப் போனையே நீக்கினான். "இனிமே வராது. தூங்குங்க மொதல்ல."

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி கண் வைத்தேன். ஹாலில் விளக்கு எரிந்தது. ரூபினி தரையில் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் ஓசை. பீரோவுக்குள், இரும்புத் தட்டின் மேல், போன் அதிர்கிற ஓசை... டர்ர்ர். ஒரே ஒரு தடவை.

பிறகு வாசனை. பச்சைப் பூசணிக்காயை வெட்டினால் வருகிற தண்ணீர் வாசனை. அதோடு அணைந்த கற்பூரம்.

திரையில் படம் மங்கியது. தெளிந்தபோது கண் மூடியிருந்தது.

திறந்தேன். டர்ர்ர். மூடியது. திறந்தேன். டர்ர்ர். மூடியது.

எனக்குப் பயம் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சந்தோஷமாக இருந்தது. அவர் அங்கிருந்து, நான் இங்கிருந்து, ஒரே படத்தில். எப்போதும் இப்படித்தானே வேலை செய்தோம். 'மித்ரா லேப்டாப்', 'கிரண் போன்', 'மித்ரா லேப்டாப்', 'கிரண் போன்' என்று வரிகள் மேலே மேலே ஏறிக்கொண்டே போயின. அவர் கை ஓயக் கூடாது என்று வேண்டிக்கொண்டே திறந்தேன். "இருங்க... இருங்க... போகாதீங்க," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்போது ஒரு நட்சத்திரம் முளைத்தது. ரூபினியின் பிறந்தநாள் படத்தில்.

நான் போடவில்லை.

திறந்து பார்த்தேன். நான் அந்தப் படத்திலிருந்து நகல்தான் எடுத்தேன், எதையும் அழிக்கவில்லை. ஆனால் மெழுகுவர்த்திக்கு முன்னால் நின்ற ரூபினி கண்ணை மூடியிருந்தாள். அதற்கு அடுத்த படத்திலும்... பள்ளிக்கூட டான்ஸில்... ஊஞ்சலில்... கைக்குழந்தையாக என் தோளில். வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மங்கித் தெளிந்தன. ஒவ்வொன்றிலும் இமை இறங்கியது.

ஹாலிலிருந்து ரூபினி கூப்பிட்டாள்.

"அம்மா, கரண்ட் போச்சா?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவள் கலர் பென்சிலைத் தரையில் தடவித் தேடும் சத்தம் கேட்டது. "அம்மா, ஒண்ணுமே தெரியல. மெழுகுவத்தி எடுத்துட்டு வா."

என் விரல் எந்தப் பொத்தானையும் கண்டுபிடிக்க மாட்டேன் என்றது. எப்படியோ அழுத்தினேன். அசல் படத்துக்குத் திரும்பு. கேட்டது, நிச்சயமாகவா என்று. திரையில் கிரண் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி... அந்த ஒரு நொடி நான் பார்த்தேன். பிறகு ஆம் என்றேன். அவர் கண்ணை நானே மூடினேன்.

"ஹை, வந்துடுச்சு," என்றாள் ரூபினி.

மாடியில் இதோடு நிறுத்தினேன். கரண்ட் இன்னும் வரவில்லை.

"அந்தப் பொண்ணு?" என்றான் அருண்குமார்.

"நல்லாதான் இருக்கா."

மாடியில் இருந்தவர்களில் படத்திறப்புக்கு வந்திருந்தவர் டோரீன் ஆன்ட்டி மட்டும்தான். சபையின் நடுவில், மாலைக்குள், சிரித்தபடி கண்மூடியிருந்த கிரணைப் பார்த்தவர். இருட்டில் அவருடைய உள்ளங்கை ரூபினியின் கண்களை மூடியிருந்தது.

மீதியை நான் அவர்களிடம் சொல்லவில்லை.

ரூபினியின் படங்கள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டன. போன் பீரோவில் இருக்கிறது. அதற்குப் பிறகு அது அதிரவே இல்லை. ஒருநாள் அந்தப் பூசணிக்காய்ப் படத்தை எடுத்து, சிவப்பைக் கூட்டினேன். அவருக்குப் பிடிக்காத அளவுக்கு, குங்குமம் கண்ணில் அடிக்கும்படி. குறைப்பார் என்று உட்கார்ந்திருந்தேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். இப்போது கடைசி வரை தள்ளியாயிற்று. காய் தெரியவில்லை, சாலை தெரியவில்லை, திரை முழுக்கச் சிவப்பு.

தினமும் மாலை அதைத் திறந்து வைத்துவிட்டு பீரோவின் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவரை வரவைக்க இன்னொரு வழி இருக்கிறது. நிச்சயமான வழி. எனக்குத் தெரியும். ரூபினி பக்கத்து அறையில் கலர் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

சிவப்பு இன்னும் குறையவில்லை.