காலில்லாத களிமண் பொம்மை

அட உக்காரு தாமெக். கழுதைக்காரன் வர இன்னும் நேரம் கெடக்கு. இந்தா, பார்லிக் கள்ளு, ஒரு வாய் குடி. வேணாமா? சரி, நானே குடிக்கிறேன்.

அழாதடி. அக்கரையில ஒன் அண்ணன் வீடு இல்லியா என்ன? வாசல்ல நிக்கிற ஒன் புருசன் பஷெது ஒன்ன அடிச்சா தொரத்துறான்? ஆறு வருசம் பொறுத்தான். ஆறு வாட்டி ஆத்துல வெள்ளம் வந்துச்சு, காடுகழனியெல்லாம் வெளைஞ்சுது. ஒன் வயிறு மட்டும் காஞ்சு கெடந்தா அவன் என்னதான் செய்வான்?

என்னது, அப்பாவே கைவிட்டுட்டாரா? செத்தவங்களத் திட்டாத. காஹா மாமா தங்கமான மனுசன். திருவிழா அன்னிக்கு நீ காய்ச்சல்ல சுருண்டு கெடந்த. நான்தானே ஒன் பொம்மையத் தூக்கிட்டு மலை ஏறினேன், அவரு கல்லறையில வச்சேன்? அழகான பொம்மை. நல்ல அகலமான இடுப்பு, பக்கத்துலயே ஒரு கைப்புள்ள. கால்தான் இல்ல. கால் வச்சா எந்திரிச்சுப் போயிடும்னு கொயவன் முட்டியோட நிறுத்திடுவான். ஒனக்குக் கால் இருக்கு, போற. சும்மா சிரிப்புக்குச் சொன்னேன், மொறைக்காத.

எழுத்தா? எழுதாம இருப்பேனா? எழுத்துக்காரன் பக்கத்துல நின்னு, பொம்மை தொடையில எழுதி வாங்கினேன். காஹா, இந்தப் பொம்பளைக்கு ஒரு புள்ள குடுன்னு. கீழ பேரு. பேரில்லாட்டி செத்தவரு யாருக்குன்னு குடுப்பாரு?

நான் மலைக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி நீ வாங்கிப் பாத்தியே, ஞாபகமிருக்கா? எழுத்து வாசிக்கத் தெரியாம தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, அழகா இருக்குன்ன. எனக்குச் சிரிப்ப அடக்க முடியல.

எம்புருசன் கல்லறைக் குகை வெட்டயில அது இடிஞ்சு செத்த வருசம், நானும் ஒரு பொம்மை வாங்கப் போனேன். கொயவன் வீட்டு வாசல்ல எல்லாருக்கும் முன்னாடி நீ என்ன சொன்ன? முண்டச்சிக்கு எதுக்குடி புள்ள பொம்மைன்னு கேட்ட. மறந்திருப்ப. நான் மறக்கல.

ஆமா, ஹுன்றோன்னுதான் எழுதச் சொன்னேன். என் பேரு.

குடுத்துட்டாரு தாயி. மூணு மாசம். யாரோடதுன்னு எதுக்குக் கேக்குற? வாசல்ல நிக்கிறானே, அவனையே கேளு. அவன் நிமிந்து பாக்க மாட்டான்.

அந்தா, கழுதைக்காரன் வந்துட்டான். மூட்டையில இருக்குற பிரசவத் தாயத்த மட்டும் எடுத்து வச்சுட்டுப் போ. ஒனக்கு எதுக்கு அது? ஆம்பளப் புள்ளயாப் பொறந்தா காஹான்னே பேரு வைக்கிறேன். குடுத்தவரு பேரு வெளங்கணுமில்ல.